பூ மழைக்கு ஓடினவள்

என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையேறி வந்த என் கோபக்கார அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இத்தனை நாள் ஏன்டா ஒரு வரி எழுதவில்லை என்று கேட்பாய். எழுதினேன் அக்கா. நீ செத்த மறுநாளே உன்னைப் பற்றி ஒரு காகிதம் எழுதினேன். அதில் இருந்ததெல்லாம் பொய். அதை எழுதின கைக்கு அதன்பிறகு உனக்குக் கடிதம் எழுதத் துணிவு வரவில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால், இப்போது வயிறு அப்படி எரிகிறது.

இதைச் சேலத்துப் பத்திரிகை ஒன்றுக்கும் அனுப்பப்போகிறேன். அச்சில் ஏற்றுவார்களோ குப்பையில் எறிவார்களோ தெரியாது. இந்தச் சேர்வராயன் மலையில் எத்தனை எஸ்டேட் இருக்கிறது, எத்தனை பேர் மரத்தடியில் நிற்கிறார்கள்? அவர்களும் கேட்கட்டும். நான் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே, "மெதுவா பேசுடா, லயத்துல அத்தன வூட்டுக்கும் கேக்குது" என்று அதட்டுவாயே, இந்தத் தடவை எல்லாரும் கேட்கவேண்டும் என்றுதான் பேசுகிறேன்.

வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். காப்பிச் செடி மாசி, பங்குனியில் மொட்டைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். கோடையில் ஒரு நல்ல மழை விழுந்தால்தான் அந்த மொட்டு விரியும். அதைத்தான் நாம் பூ மழை என்கிறோம். பூ மழை தவறினால் அந்த வருஷம் காப்பி இல்லை. காப்பி இல்லாவிட்டால் துரைக்குச் சீமைப் பயணம் இல்லை, நமக்கு அடுப்பு எரியாது.

அதனால் ஒரு பழக்கம். முதல் பூ மழைக்குத் தலையை மூடக் கூடாது. ஓடி ஒதுங்கக் கூடாது. கம்பளியைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே நின்று முதல் துளியைத் தலையில் வாங்க வேண்டும். ஓடினால் மழை கோவித்துக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விடுமாம். யார் போட்ட சட்டம் இது? சமவெளியிலிருந்து பிழைக்க வந்தவர்களில் யாரோ ஒருவர் எந்தக் காலத்திலோ சந்தோஷத்தில் நனைந்துகொண்டு நின்றிருப்பார், அவ்வளவுதான். அது சட்டமாகி, சாமி காரியமாகி, கடைசியில் துரைக்கும் பிடித்துப்போயிற்று. "நல்ல பழக்கம், நல்ல பழக்கம்" என்று விருந்துக்கு வந்த துரைமாருக்கெல்லாம் காட்டுவார். மேகத்தைக் கண்டு வேலையை விட்டு ஓடாத ஆட்கள் எந்தத் துரைக்குத்தான் கசக்கும்?

நீ மட்டும்தான் அதை நம்பாமல் போனாய். கிளியூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு வந்து நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏன்டா தம்பி, காத்து மேலருந்து விழுந்துச்சுடா. கெழக்கருந்தும் இல்ல, மேக்கருந்தும் இல்ல. நேரா தலமேல கொட்டி நாலா பக்கமும் ஓடுச்சு. மாட்டுக் கொட்டாய்த் தகரம் பறந்து அந்தாண்ட போயிருச்சு. மழ ஒரு சொட்டு இல்ல."

நான் சிரித்தேன். "காத்து என்ன பலாப்பழமா, மேலருந்து உழுவறதுக்கு?"

என் மண்டையில் ஒரு தட்டு விழுந்தது. "சிரிக்காத. நொம்ப நேரம் புழுங்கிக் கெடந்துச்சு, ஒரு எல அசையல. திடீர்னு கெணத்துக்குள்ள எறங்குன மாதிரி ஒரு சில்லிப்பு. அது வந்த கொஞ்ச நேரத்துல காத்து விழுந்துச்சு. அந்தச் சில்லிப்பு வந்தா மரத்தடியில நிக்காத கண்ணு, கல்லுச் செவுரு இருக்கற எடமா பாத்து ஓடிரு."

நான் நாலு எழுத்துப் படித்துவிட்டு எஸ்டேட் ஆபீஸில் சின்ன ரைட்டராக உட்கார்ந்தவன் அல்லவா, எனக்கு எல்லாம் தெரியும்! பாடப் புத்தகத்தில் காற்று பக்கவாட்டில்தான் வீசியது. அதனால் நீ சொன்னதை மறந்துபோனேன்.

போன வருஷம் அந்த மத்தியானம் நீங்கள் பள்ளத்துக் காட்டில் கவாத்து செய்துகொண்டிருந்தீர்கள். காய்த்து ஓய்ந்த கிளைகளைக் கழிக்கிற வேலை. நான் ஆபீஸில் இருந்தேன். அங்கே நடந்ததை உன் மகள் செல்லம்மா எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரு எழுத்து மாறாமல் அப்படியே சொல்கிறாள்.

கரடியூர்ப் பக்கம் மேகம் கறுத்தது. மழை திரைபோல இறங்குவது தெரிந்தது, ஆனால் பாதி வானத்திலேயே கரைந்துபோனது, தரையைத் தொடவில்லை. எல்லாரும் கம்பளியைக் கழற்றிப் போட்டார்கள். "நில்லுங்க, நில்லுங்க, ஆத்தா வர்றா!" என்று சின்னச்சாமி மேஸ்திரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பழனியம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். அப்போதுதான் உனக்கு அந்தச் சில்லிப்பு தட்டியது.

"மரத்தடிய விட்டு ஓடுங்க! கல்லு குடோனுக்கு ஓடுங்க! இது மழ இல்ல, காத்து வருது!"

"ஏம்மா, பூ மழைக்கு ஆராச்சும் ஓடுவாங்களா? வாய மூடிக்கிட்டு நில்லு."

"உங்க மண்ட கெட்டி மேஸ்திரி, நீங்க நில்லுங்க. நாங்க போறோம்!"

இதைச் செல்லம்மா சொல்லும்போது அழுகையோடு சிரிப்பும் வரும் எங்களுக்கு. காற்றுக்குப் பயந்தார்களோ இல்லையோ, உன் வாய்க்குப் பயந்தே பாதிப்பேர் ஓடினார்கள். நீ மகளைக் குடோனுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தாய். மரத்தடியில் பழனியம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். நீ மேலே ஏறிப் போனாய். அவள் கையைப் பிடித்து இழுத்தாய், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துச் சரிவில் தள்ளிவிட்டாய். அவள் உருண்டுபோய் மதகுக் கல் ஓரம் விழுந்தாள். அவளைத் தள்ளின இடத்தில் நீ நின்றாய். நிழலுக்கு நட்டிருந்த சில்வர் ஓக் மரம் இரண்டாக முறிந்து உன்மேல் வந்தது.

வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரம்தான் அந்தக் காற்று. பிறகு வெயில் அடித்தது அக்கா. மண்கூட நனையவில்லை.

நீ தள்ளாமல் விட்டிருந்தால் பழனியம்மா இன்றைக்கு இல்லை. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து லயத்து வாசலில் கிடத்தியிருக்கிறோம், உன் மகள் உன் காலைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள், அந்த இடத்தில் நின்றுகொண்டு சொன்னாள்: "நான் நின்னுருந்தா மழ பேஞ்சிருக்குமுங்க. வந்த மழைய இவ ஓடி வெரட்டிட்டா. என்னயும் புடிச்சுத் தள்ளிட்டா." உயிரோடு நின்றுகொண்டு சொன்னாள் அக்கா! நாக்கு எப்படி வந்தது அவளுக்கு? அதைக் கேட்டுக்கொண்டு எல்லாரும் தலையாட்டினார்களே, அது எப்படி? உன் பின்னால் ஓடி உயிர் பிழைத்தவர்களும் சேர்ந்துதான் ஆட்டினார்கள்.

அந்த வருஷம் பூ மழை வரவே இல்லை. பாதி மொட்டு கருகிப்போயிற்று. அதுவும் உன் தலையில்தான் விழுந்தது. மழையை விரட்டினவள் என்று உனக்குப் பெயர் வைத்தார்கள்.

இனி என் அசிங்கத்தைச் சொல்கிறேன். மறுநாள் பெரிய ரைட்டர் என்னைக் கூப்பிட்டு, கலெக்டர் ஆபீஸுக்குப் போகவேண்டிய காகிதம் என்று சொல்லச் சொல்ல எழுதவைத்தார். "மேற்படி ஸ்திரீயானவள் மேஸ்திரியின் உத்தரவை மீறி, தன் இடத்தை விட்டு ஓடி, சுழல்காற்றில் விழுந்த மரத்தின் கீழ்த் தானே போய் அகப்பட்டு மரணமடைந்தாள்." எழுதினேன். கூடப்பிறந்தவளை மேற்படி ஸ்திரீ என்று எழுதினேன். எல்லாரும் கட்டைவிரல் மை வைத்தார்கள், துரை கையெழுத்துப் போட்டார். என் எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை. அழகான கையெழுத்து என்று பெரிய ரைட்டர் பாராட்டினார். ஏன் எழுதினேன்? வேலை போய்விடும், லயத்தை விட்டுத் துரத்துவார்கள், செல்லம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று நூறு காரணம் சொல்லலாம். பயந்தேன் அக்கா, அதுதான் உண்மை.

மூன்றாம் நாள் தனியாகப் பள்ளத்துக் காட்டுக்குப் போனேன். அங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. சுழல்காற்று என்றால் மரம் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கவேண்டாமா? அப்படி இல்லை. நடுவில் ஒரு வெற்றிடம். அதைச் சுற்றி எல்லா மரமும் தலையை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. கிழக்கே நின்றது கிழக்கே, மேற்கே நின்றது மேற்கே. ஒரு குடம் தண்ணீரை மேலிருந்து தரையில் கொட்டினால் நாலா பக்கமும் தெறிக்குமே, அப்படி. நீ சொன்ன அதே வார்த்தை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரம் ஆரஞ்சு கொண்டுவந்த கரடியூர்க்காரர் ஒருவரிடம் கேட்டேன். "ஆமாங்க, எங்க வாழத் தோப்புலயும் அன்னிக்கு அப்புடித்தானுங்க, வட்டமா வெளியாண்ட பாத்துப் படுத்துக்கிச்சு" என்றார். அந்தச் சில்லிப்பு வந்தால் அவர்கள் ஆட்டையும் மாட்டையும் மரத்தடியிலிருந்து ஓட்டிவிடுவார்களாம். ஆடு மாட்டுக்கு இருக்கிற நியாயம் எஸ்டேட்டில் ஆளுக்கு இல்லை. இன்னொன்றும் பார்த்தேன். அந்தக் காட்டில் பழைய பலா மரங்கள் ஒன்றுகூட விழவில்லை. முறிந்ததெல்லாம் துரைமார் சீக்கிரம் வளரும் என்று கொண்டுவந்து நட்ட சில்வர் ஓக்.

இதையெல்லாம் பெரிய ரைட்டரிடம் சொன்னேன். "காத்து எங்கருந்து வந்தா உனக்கென்னப்பா? காகிதம் போயாச்சு" என்றார்.

செல்லம்மாவைக் கேட்கிறாயா? பத்தொன்பது வயசுப் பெண்ணை மேகம் கூடினால் காட்டுக்கு வரவிடுவதில்லை. "நீ லயத்துலயே இரு கண்ணு, உங்கம்மா ராசி நமக்கு வேண்டாம்" என்று பழனியம்மாதான் முன்னால் நின்று சொல்வாள். இவளும் பல்லைக் கடித்துக்கொண்டு போன வருஷம் முழுக்கத் திரும்பி வந்தாள்.

இந்தப் பங்குனியில் ஒரு நாள். காலையில் வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை. அதனால் அவளும் கவாத்துக்குப் போயிருந்தாள். மத்தியானம் திடீரென்று மேகம் கட்டியது. லயத்துக்குப் போ என்றிருக்கிறார்கள். "போமாட்டேன். எங்கம்மா செத்த எடத்துல நான் நிப்பேன், ஆரு கேக்கறது?" என்று உன் மகள் முறிந்த மரத்துக்குப் பக்கத்து மரத்தடியில் போய் நின்றுகொண்டாள். வீம்பு யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லவேண்டுமா? எல்லாரும் கம்பளியைக் கழற்றினார்கள்.

நான் ஆபீஸ் ஜன்னலோரம் இருந்தேன். ஒரு இலை அசையவில்லை. வியர்வை காகிதத்தில் சொட்டியது. அப்புறம் ஜன்னல் வழியாக அது வந்தது அக்கா. சில்லென்று, முதுகுத்தண்டு வரைக்கும்.

ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு உனக்குத் தெரியும். காலையில் ஆள் கூட ஒரு தரம், சாயங்காலம் வேலை விட ஒரு தரம். துரை உத்தரவில்லாமல் வேறு நேரத்தில் அதைத் தொடக் கூடாது. நான் ஓடிப்போய் சம்மட்டியை எடுத்து அடித்தேன். கை மரத்துப்போகிறவரைக்கும் அடித்தேன். அடித்துக்கொண்டே, "குடோனுக்கு ஓடுங்க! மரத்தடிய விட்டு ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பூ மழையாவது ஒன்றாவது, மணி அடித்தால் காட்டை விட்டு வருவதுதான் எஸ்டேட்டில் முதல் சட்டம். வந்தார்கள். மொத்தப் பேரும் ஓடி வந்தார்கள். முதலில் ஓடி வந்தது யார் தெரியுமா? பழனியம்மா. கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள்! கடைசியில் வந்தது செல்லம்மா.

எல்லாரும் கல் குடோனுக்குள் அடைந்து நின்றோம். காற்று வந்தது. கொஞ்சம் இலை, இரண்டு சுள்ளி, அவ்வளவுதான். ஒரு மரமும் விழவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "போச்சு, இந்த வருசமும் போச்சு. அக்காளும் தம்பியுமா சேந்து குடியக் கெடுத்துட்டீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். செல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கூரையில் ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. அப்புறம் கொட்டியது பார், அப்படிக் கொட்டியது! ஒரு தலைகூட வெளியே இல்லை. முதல் துளியை வாங்க ஒரு ஆள் நிற்கவில்லை. அத்தனை பேரும் ஓடி ஒளிந்துகொண்டிருக்கும்போது, ஒரு மணி நேரம் நின்று பெய்தது பூ மழை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன் அக்கா, ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். "இப்ப ஆரு வெரட்டுனது? சொல்லுங்க, ஆரு வெரட்டுனது?" என்று கேட்டேன். மழைச் சத்தத்தில் கேட்காத மாதிரி நின்றார்கள்.

மழை விட்டதும் துரை வந்தார். "யார் ஆர்டர்?"

"எங்க அக்கா ஆர்டருங்க, துரை."

பெரிய ரைட்டர் பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினார். துரை சுற்றுமுற்றும் பார்த்தார். "அக்கா எங்கே? கூப்பிடு."

அவருக்கு உன்னைத் தெரியவில்லை. உன் சாவுக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு நீ யாரென்று தெரியவில்லை. பெரிய ரைட்டர் காதோடு சொன்ன பிறகு அவர் முகம் சிவந்தது. ஒரு மரமாவது விழுந்ததா, எதற்காக வேலையைக் கெடுத்தாய் என்று கத்தினார். ஆள்மேல் மரம் விழுந்தால், நீ ஏன் அங்கே போனாய் என்பது. ஆள் பிழைத்துக்கொண்டால், மரம் விழவில்லையே என்பது. இந்த நியாயத்துக்கு என்ன பதில் சொல்வது, நீயே சொல். அன்றைக்கே ஆபீஸ் வேலை போயிற்று. இப்போது நான் பள்ளத்துக் காட்டில் கவாத்துக் கத்தியோடு சின்னச்சாமி மேஸ்திரியின் கீழ் நிற்கிறேன். சம்மட்டியைப் பெரிய ரைட்டர் தன் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

மழை பெய்த ஒன்பதாம் நாள் காப்பி பூத்தது. மலை முழுக்க வெள்ளை, லயத்துக்குள்ளெல்லாம் வாசம். ஊரே சிரிக்கிறது. உன்னிடம் ஒருத்தர் மன்னிப்புக் கேட்கவில்லை. "இந்த வருசம் ஆத்தா எரக்கப்பட்டுட்டா" என்கிறார்கள். நீ ஓடினால் விரட்டினது, அவர்கள் ஓடினால் இரக்கப்பட்டது! பொறுக்குமா அக்கா?

நேற்று மறுபடியும் மேகம் கூடியது. வேலை நடுவில் பழனியம்மா மெல்ல என் வரிசைக்கு வந்தாள். கத்தியைக் கையில் சுழற்றினாள்.

"ஏனுங் தம்பி, அந்தச் சில்லிப்பு வந்தா எனக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க, என்ன?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அந்தச் சில்லிப்ப ஆரு கண்டு சொன்னது? மொதல்ல அதச் சொல்லுங்க."

அவள் இரண்டு கிளையை வெட்டினாள். மூன்றாவதை வெட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். "முத்தாயி" என்றாள்.

ஒரு வருஷமாக லயத்தில் ஒருத்தர் வாயிலும் வராத பெயர் அக்கா. செல்லம்மா அடுத்த வரிசையில் வேலையை நிறுத்திவிட்டாள்.

"சத்தமா சொல்லுங்க. அன்னிக்கு வாசல்ல சத்தமாத்தான சொன்னீங்க?"

"முத்தாயிதானுங்க சொன்னா! என்னயத் தள்ளிவுட்டு அவ செத்துப்போனா, போதுங்களா!" என்று பழனியம்மா கத்தினாள். கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார்.

நான் அவளை மன்னிக்கவில்லை. நீ மன்னித்திருப்பாயோ என்னவோ, எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். அன்று கலெக்டர் ஆபீஸுக்கு நான் எழுதின காகிதம் பொய் என்று இதோ என் பெயரைப் போட்டுச் சொல்கிறேன். நீ உத்தரவை மீறி ஓடிச் சாகவில்லை. ஓடித் தப்பின பிறகு, ஓடாத ஒருத்திக்காகத் திரும்பிப் போய்ச் செத்தாய். இதை அச்சில் பார்த்ததும் லயத்தையும் காலி செய் என்பார்கள். செல்லம்மாவிடம் சொல்லிவிட்டேன். "மூட்ட கட்டி வெச்சுட்டேனுங் மாமா, நீங்க எழுதுங்க" என்கிறாள். மணி இல்லாவிட்டால் என்ன, தொண்டை இருக்கிறது. எந்தக் காட்டில் இருந்தாலும், எந்தத் துரை எதிரில் நின்றாலும், அந்தச் சில்லிப்பு தட்டின நிமிஷம் ஓடுங்கள் என்று கத்துவேன். யார் சொன்னது என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன்.

முத்தாயியின் தம்பி,
ராசு